சனிக்கிழமை வகுப்பு

இலோயிலோ, பிலிப்பைன்ஸ்
9 ஆகஸ்ட் 2022

நிமியா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதுவது இதுவே கடைசி. பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

கைப்பேசியில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீங்கள் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நான் இளகிவிடுவேன். அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். தாளில் அழுது காட்டுங்கள் பார்க்கலாம்.

ஜூலை 23, சனிக்கிழமை. நகோன் சவானில், பைலின் அம்மாளின் பயிற்சி நிலையத்தில் பதினொரு பிள்ளைகளுக்குப் பழங்களின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பிவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"உங்க புத்தகத்தக் காட்டுங்க டீச்சர்."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வேலை அனுமதிப் புத்தகத்தை நான் எப்போதும் பையில் வைத்திருப்பவள். அவர் புரட்டிப் பார்த்தார்.

"இதுல உங்க பள்ளிக்கூடம் பேரு மட்டும்தான இருக்கு? இந்த இடம் எங்க?"

"எங்க பொறுப்பாளர் போன மாசமே எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க ஆபீஸ்லதான் இருக்கும்."

"எங்க ஆபீஸ்ல ஒண்ணும் இல்லையே டீச்சர்."

அந்தப் பொறுப்பாளர் நீங்கள். பள்ளியின் வெளிநாட்டு ஆசிரியர்கள் அத்தனை பேரின் காகிதங்களும் உங்கள் கையில். நான் திருட்டுத்தனமாக இரண்டாவது வேலைக்குப் போகவில்லை. பள்ளியின் சம்மதக் கடிதம், பைலின் அம்மாளின் கடிதம், என் கையெழுத்து, எல்லாவற்றையும் ஜூன் 6 அன்று உங்கள் மேசையில் வைத்தேன். வேலையில் சேர்ந்த பதினைந்து நாளுக்குள் இரண்டாவது இடத்தின் பெயரைப் பதிந்துவிட வேண்டும் என்ற விதியை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். "போட்டாச்சுடி, கவலப்படாமப் போ" என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

அபராதம் கட்டினேன். புத்தகம் ரத்தானது. என்னை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இனி இரண்டு வருடம் தாய்லாந்தில் எனக்கு எந்த வேலைக்கும் அனுமதி கிடையாது.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் காகிதங்களைக் கொடுத்தீர்களா, இல்லையா?

லிட்டா


நகோன் சவான்
22 ஆகஸ்ட் 2022

என் கண்ணு லிட்டாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன்னை இங்கே கூட்டி வந்தவளே நான். ஆறு மாதம் என் அறையில் என் மெத்தையில் படுத்தாய், நான் தரையில் பாய் விரித்தேன். என்னைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாய்?

காகிதங்களைக் கொடுக்கத்தான் இருந்தேன். தலைமையாசிரியர் பாங்காக்கில் கூட்டம், கூட்டம் என்று ஜூன் மாதம் முழுக்க அலைந்தார். அவருடைய முத்திரை இல்லாமல் எதை எடுத்துக்கொண்டு போவேன்? நீ பதறக் கூடாதே என்றுதான் போட்டாச்சு என்று சொன்னேன். அது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாசத்தில் சொன்ன பொய்.

எந்தப் பாவி உன்னைக் காட்டிக் கொடுத்தானோ! ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறேன். இரண்டு வருடம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உனக்கு முப்பத்தொரு வயசுதான். எனக்கு ஐம்பத்திரண்டு.

உன் அம்மா கையால் பாட்சோய் சூப் குடி, உடம்பைத் தேற்று. உன் மின்விசிறியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
நிமியா


இலோயிலோ
8 செப்டம்பர் 2022

நிமியா,

தாளிலும் உனக்கு நன்றாக அழ வருகிறது. மெச்சினேன்.

ஊருக்கு அனுப்பும்வரை என்னை அடைத்து வைத்திருந்த இடத்துக்கு பைலின் அம்மாள் ஒட்டரிசியும் வறுத்த கோழியும் கொண்டு வந்தார். நீ வரவில்லை. வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தாய். அவர்தான் சொன்னார், தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததாம். தாய்லாந்து மொழியில். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, மாடியில் எந்த அறை, பின்வாசல் எங்கே திறக்கும் என்பது வரைக்கும் அதில் இருந்ததாம். பின்வாசல் இருப்பது எனக்கே தெரியாது. ஏழு வருடம் அந்த வழியாகப் போய்வந்தவளுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. பள்ளி எழுத்தர் உசாவிடம் பேசினேன். என் காகிதங்கள் உன் இழுப்பறையில் பிஸ்கட் டின்னுக்கு அடியில் கிடந்ததாம். தலைமையாசிரியர் பாங்காக்கில் இருந்தார் என்கிறாயே, அவருடைய முத்திரை அதில் எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது தெரியுமா? ஜூன் 7. நான் கொடுத்த மறுநாள். "அப்பவே எல்லாம் ரெடியா இருந்துச்சு டீச்சர், எடுத்துட்டுப் போய்க் குடுக்க வேண்டியதுதான் பாக்கி" என்று உசா சொன்னாள்.

தொழிலாளர் அலுவலகம் பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

ஜெபத்தை நிறுத்திவிடு. கடவுளுக்கும் வேறு வேலை இருக்கும். நீ செய்தாய் என்று எனக்குத் தெரியும். ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது. அதைக்கூட நீ எழுதாவிட்டால் உன்னைப் பற்றி நான் வைத்திருக்கும் கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும்.

கிளாரிட்டா பல்மாரெஸ்


நகோன் சவான்
2 அக்டோபர் 2022

லிட்டா,

சரி. கேட்டுவிட்டாய். கேட்டுக்கொள்.

ஏழு வருடம் அந்தச் சனிக்கிழமை வகுப்பு என்னுடையது. காகிதம் இல்லை, பதிவு இல்லை, பின்வாசல் வழியாகப் போவேன், பின்வாசல் வழியாக வருவேன். யாராவது கதவைத் தட்டினால் பைலின் என்னைச் சமையலறையில் உட்கார வைத்து வெங்காயம் உரிக்கச் சொல்வாள். அவமானம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் என் பிள்ளைகள். பள்ளியில் நான் எழுத்தர் வேலைதான் அதிகம் பார்த்தேன். சனிக்கிழமைகளில்தான் நான் டீச்சர்.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் என்று உன்னை அனுப்பினேன். நானேதான் அனுப்பினேன்! மறுவாரம் பைலின் சொல்கிறாள், "அவங்க சின்னவங்க, பாட்டெல்லாம் பாடுறாங்க, பிள்ளைங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்களேன்." நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. என்னிடமே வந்து "நான் முறைப்படிதான் போவேன், பதிஞ்சு குடுங்கக்கா" என்று காகிதத்தை நீட்டினாய். என் வாயிலிருந்து பிடுங்கிய சோற்றுக்கு என்னையே சீட்டு எழுதச் சொன்னாய். அதைப் பதிந்திருந்தால் அதிகாரி வந்து பார்ப்பான், இதுவரை இங்கே யார் நடத்தினார்கள் என்று கேட்பான். உன் நேர்மைக்கு என் கழுத்தை நீட்டச் சொல்கிறாயா?

அதனால் இழுப்பறையில் போட்டேன். அதோடு விட்டிருப்பேன். ஆசிரியர் வணக்க நாளுக்கு அடுத்த சனிக்கிழமை அந்தத் தெருவில் போனேன். கதவு திறந்திருந்தது. நான் எழுத்துப் பழக்கிய பிள்ளைகள் வரிசையாக முழங்காலிட்டு, பூத்தட்டை உன் கையில் கொடுத்துக் கும்பிட்டார்கள். நீ சிரித்தாய். எனக்கு ஏழு வருடத்தில் ஒரு தட்டு வந்ததில்லை. பின்வாசலில் வருகிற டீச்சருக்கு யார் பூ கொடுப்பார்கள்? அப்போதுதான் எழுதினேன். ஆமாம், என் கையால், தாய்லாந்து எழுத்தில், பொறுமையாக உட்கார்ந்து எழுதினேன். செய்தேன். அழவும் இல்லை.

இதை எங்கே காட்டுவாயோ காட்டு.

நிமியா


இலோயிலோ
20 அக்டோபர் 2022

நிமியா,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

எங்கேயும் காட்டப்போவதில்லை. காட்டினால் உன்னையும் ஊருக்கு அனுப்புவார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு எங்காவது ஒட்டிக்கொள்வாய். எனக்கு அது போதாது.

நான் இங்கே ஆசிரியர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். நீ பதினான்கு வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாயே, அதே தேர்வுதான். காலையில் எழுந்ததும் உன் முகத்தை நினைத்துக்கொள்வேன். தூக்கம் போய்விடும்.

மின்விசிறியை நீயே வைத்துக்கொள்.

கிளாரிட்டா


நகோன் சவான்
15 செப்டம்பர் 2024

லிட்டா கண்ணு,

எப்படி இருக்கிறாய்? இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தலைமையாசிரியர் விரோஜ் நேற்று கூப்பிட்டுச் சொன்னார். நவம்பரில் நீ வருகிறாயாம். உரிமம் வாங்கிவிட்டாயாம். வெளிநாட்டு ஆசிரியர்களின் பொறுப்பாளராக நீ உட்காரப் போகிறாயாம். "உங்க ஊர்ப் பொண்ணுதான, உங்களுக்கும் சந்தோஷமா இருக்குமே" என்றார். நானும் சந்தோஷம் என்றேன்.

எனக்கு உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிக அனுமதி இனிமேல் நீளாதாம். மார்ச் 31 வரை இருங்கள் என்று சொல்லிவிட்டார். பதினாறு வருடம், லிட்டா. இந்தப் பள்ளியின் மணி அடிப்பதுகூட இப்போது என் காதில் விழுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

பழசையெல்லாம் ஆற்றில் விட்டுவிடலாம். அப்போது என் புத்தி பேதலித்துப் போயிருந்தது. உனக்கு நல்ல அறையாகப் பார்த்து வைக்கட்டுமா?

நிமியா அக்கா


இலோயிலோ
3 அக்டோபர் 2024

மதிப்புக்குரிய நிமியா அவர்களுக்கு,

அறை பார்த்துவிட்டேன். நன்றி.

நான் எதையும் ஆற்றில் விடவில்லை. ஆனால் சண்டை போடவும் வரவில்லை. நான் பொறுப்பில் இருக்கும்வரை எல்லோருடைய காகிதங்களும் விதிப்படி நடக்கும். உங்களுடையதும்.

கிளாரிட்டா பல்மாரெஸ்


நகோன் சவான்
31 மார்ச் 2025

லிட்டா,

இதை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். ஐந்து மாதமாக ஒரே நடைவழியில் நடக்கிறோம், பாட அட்டவணையைத் தவிர நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்றோடு என் ஒப்பந்தம் முடிகிறது. உத்தாய் தானியில் ஒரு மழலையர் பள்ளியில் என்னை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே உரிமம் கேட்கமாட்டார்கள். மே முதல் தேதி சேர வேண்டும். அதற்கு முன் நீ என் வேலை முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றோடு என் விசா போயிற்று. ஏழு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். போனால் மணிலாவிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், மாதக்கணக்காகும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு ஐம்பத்தைந்து ஆகப் போகிறது. ஒருமுறை வெளியே போய்விட்டால் என்னைத் திரும்ப யாரும் கூப்பிடமாட்டார்கள். இதுதான் என் கடைசி வாசல்.

ஒரு மாதம் அந்தக் காகிதத்தைத் தள்ளிப்போடு. புது இடத்துக் காகிதம் வந்ததும் ஒன்றோடு ஒன்று மாற்றிவிடலாம். இது புதிது இல்லை, எல்லாப் பள்ளிப் பொறுப்பாளர்களும் செய்கிற உபகாரம்தான். கம்ஃபெங் பெட் பள்ளியிலிருந்து நீ இங்கே மாறி வந்தபோது உனக்காக அந்தப் பொறுப்பாளரிடம் நான் கெஞ்சி இருபத்துமூன்று நாள் தள்ளி வைக்கச் சொன்னேன். நினைவிருக்கிறதா?

வழக்கம்போல் நாளை முதல் கோடை வகுப்புக்கு வந்துவிடுகிறேன். பலகையில் ஏப்ரல் மாத மாற்று ஆசிரியர் பட்டியலில் என் பெயரைப் போட்டிருக்கிறாய், பார்த்தேன். சும்மா உட்காராமல் பிள்ளைகளோடு இருப்பேன்.

உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். இந்த ஒரு மாதம் மட்டும் கொடு.

நிமியா


நகோன் சவான்
1 ஏப்ரல் 2025, மதியம்

நிமியா,

உன் கடிதத்தைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தேன். நின்றுகொண்டே படித்தேன். எட்டரைக்கு வண்டியை எடுத்தேன்.

உன் காகிதங்களை ஒரு வாரம் முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு கையெழுத்துக்கூடக் குறையவில்லை. வேலை முடிந்த நாள் மார்ச் 31 என்று தெளிவாக எழுதியிருந்தேன். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நேத்துத்தான முடிஞ்சுது? இவ்வளவு அவசரமாவா?"

"விதி அப்படித்தான சொல்லுது?"

"விதி சொல்லும் டீச்சர். யாரு கேக்குறா? எல்லாரும் ஒரு மாசம் கழிச்சுத்தான வருவாங்க."

"நான் கேக்குறேன்" என்றேன்.

ஒன்பது நாற்பதுக்கு முத்திரை குத்தினார். அங்கிருந்து விசா பார்க்கிற குடிநுழைவு அலுவலகம். அங்கேயும் பத்தே நிமிடம். நகலை இதோடு இணைத்திருக்கிறேன், எடுத்து வைத்துக்கொள். இன்றிலிருந்து உனக்கு ஏழு நாள்.

இருபத்துமூன்று நாள் நினைவிருக்கிறது. அதற்காக அன்றைக்கே உன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அந்தக் கையால்தான் நீ மொட்டைக் கடிதம் எழுதினாய்.

பழிவாங்கினால் சந்தோஷம் வராது என்று அம்மா சொன்னாள், பாதிரியார் சொன்னார், பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பொய். வண்டியில் திரும்பி வரும்போது எனக்குப் பாட்டு வந்தது. இரண்டரை வருடம் கழித்து இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான் சட்டத்தை மீறவில்லை. ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. என்னை யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

கிளாரிட்டா பல்மாரெஸ்
பொறுப்பாளர்


நகோன் சவான் பேருந்து நிலையம்
7 ஏப்ரல் 2025

லிட்டா,

பாங்காக் வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. பெட்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நான் பொறி வைக்கவில்லை. அதை முதலில் நம்பு. செவ்வாய்க்கிழமை காலை சொன்னபடி வந்தேன். மூன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். உன் வகுப்பு. நீ இல்லை. உசா பலகையைப் பார்த்துவிட்டு, "லிட்டா டீச்சர் இல்லன்னா நிமியா டீச்சர்னு போட்டிருக்கு, நீங்க போங்க" என்றாள். போனேன். எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை நடத்தினேன்.

"லிட்டா டீச்சர் எங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"முக்கியமான வேலையாப் போயிருக்காங்க" என்றேன். எனக்கு எப்படித் தெரியும், அந்த வேலை நான்தான் என்று?

இரண்டு மணிக்கு உன் கடிதம் வந்தது. முதல் முறை படித்தபோது பெட்டியை இறக்கி வைத்தேன். இரண்டாம் முறை உன்னைச் சபித்தேன். மூன்றாம் முறை, அந்த நகலையும் சேர்த்துப் படித்தபோது, சிரித்துவிட்டேன்.

என் வேலை மார்ச் 31-இல் முடிந்துவிட்டது என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அப்படியானால் ஏப்ரல் முதல் தேதி மூன்று மணி நேரம் உன் வகுப்பில் நின்ற வெளிநாட்டுக்காரி யார்? அனுமதி இல்லாதவள். அவளை வேலைக்கு வைத்தது யார்? ஒப்பந்தம் முடிந்தவளை மாற்று ஆசிரியராகப் போடுவது காகிதத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் செய்கிற வழக்கம், லிட்டா. பழைய வழக்கத்தை விடவேண்டுமானால் முழுசாக விட்டிருக்க வேண்டும். காகிதத்தைக் கொடுக்கப் பறந்தாய், பட்டியலை மாற்ற மறந்துவிட்டாய்.

பட்டியலைப் பலகையிலிருந்து பிய்த்தேன். அடியில் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. உசா வருகைப் பதிவேட்டை நகல் எடுத்துக் கொடுத்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. உன் கடிதத்தோடு சேர்த்து இன்று காலை தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். அதே அதிகாரிதான்.

"இதக் குடுத்தா உங்களுக்கும் தண்டனை வருமே டீச்சர்?"

"வரட்டும் தம்பி. நான் திரும்பி வரப் போறதில்ல. எனக்கு ரெண்டு வருஷமும் ஒண்ணுதான், இருபது வருஷமும் ஒண்ணுதான்."

அபராதம் எழுதினார், கட்டினேன். உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். "விதிய இவ்வளவு சுத்தமா கடைப்பிடிக்கிறவங்கள நான் பாத்ததே இல்ல" என்றார்.

வியாழக்கிழமை உன்னைக் கூப்பிடுவார்களாம். வேலை அனுமதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போ, கேட்பார்கள்.

நிமியா